‘காவலில்’ என்று எழுதுமுன்: மறைவையும் காப்பையும் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மொழிபெயர்ப்பு வேலை பழக வருகின்ற இளையவர்களின் படிகளைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை எழுதித் தள்ளிய அதே வழுக்கள் புதிய கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். ரகர றகர மயக்கத்தையோ, ‘இரகசியம்’ என்பதற்கு இகரம் வேண்டுமா என்பதையோ இங்கே பேசப்போவதில்லை. அகராதி பார்த்தால் தீரும் சங்கதிகள் அவை.

காவலும் பாதுகாப்பும்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுவே. சாட்சி ஒருவருக்குப் பொலிஸார் பாதுகாப்பு வழங்கினர் என்ற பொருளில், ‘சாட்சி பொலிஸ் காவலில் வைக்கப்பட்டார்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பது அவர்களது வாதம். வயலுக்குக் காவல், களஞ்சியத்துக்குக் காவல் என்னும்போது ஒன்றுதான். ஆனால் ஓர் ஆளைக் ‘காவலில்’ என்று ஏழாம் வேற்றுமையில் வைத்துவிட்டால் அவர் தடுத்து வைக்கப்பட்டவராகிவிடுகிறார். ‘வீட்டுக்குக் காவல்’ என்றால் வாசலில் காவலர் நிற்கிறார்; ‘வீட்டுக்காவல்’ என்றால் வீட்டிலிருப்பவர் வெளியே வரமுடியாது. இடையில் விழுந்துபோனது ஒரு ‘க்கு’ மட்டுமே.

வழக்கொன்றில் சாட்சி சொன்ன பெண்ணொருவரின் சத்தியக்கடதாசியில் இந்த வழு நுழைந்து, அந்தத் தமிழ்ப் படியிலிருந்தே ஆங்கிலப் படியும் எடுக்கப்பட்டு விசா விண்ணப்பத்தோடு போய்விட்டது. எந்தக் குற்றத்துக்காகத் தடுத்து வைக்கப்பட்டீர்கள் என்று கேள்வி வந்தது. ஒரு குற்றமும் செய்யாத அவர், பொலிஸ் நிலையத்தில் கடிதம் பெற்று, சத்தியக்கடதாசியைப் புதிதாக முடித்து, மறுபடியும் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எழுதிய தம்பியோ, “கருத்து விளங்குந்தானே அக்கா” என்றார். தடுப்புக்காவல் என்ற சொல்லோடு பல ஆண்டுகள் வாழ்ந்த மாவட்டத்தில் அது வேறு எப்படி விளங்கும்?

‘பொலிஸ் பாதுகாப்பு வழங்கப்பட்டது’ என்று எழுதுங்கள். காவல் என்ற சொல்லை விட மனமில்லையென்றால், ‘அவரது வீட்டுக்குக் காவல் போடப்பட்டது’ என்று எழுதலாம்.

இரகசியமும் அந்தரங்கமும்

வினாத்தாள் இரகசியம், நோயாளியின் நோய் அந்தரங்கம். முன்னது குறித்த நாளில் வெளியாகிவிடும். பின்னது உரியவர் விரும்பினாலன்றி வெளிவரலாகாது.

மறைத்தல்

படிவங்களில் ‘உங்கள் விவரங்கள் மறைக்கப்படும்’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லில் குற்றத்தின் வாடை உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் எவரும் நல்ல நோக்கத்தோடு மறைப்பதில்லை. ‘பிறருக்கு வெளிப்படுத்தப்படமாட்டா’ என்பது போதும். ‘காதும் காதும் வைத்தாற்போல்’ என்பதோ ஒரு காரியத்தை முடிக்கும் விதத்தைச் சொல்வது. ஆவணத்தை அப்படிப் பூட்டி வைக்க முடியாது.

பாதுகாப்பு அரண்

அரண் என்றாலே காப்புத்தான். நீரும் மண்ணும் மலையும் நிழற்காடும் உடையதே அரண் என்கிறது குறள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், 1624இல் போர்த்துக்கேயர் கட்டி, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்ற மதில்வாசலைக் கடந்து, மூன்று புறமும் கடல் சூழ்ந்த அந்த மலையில் ஏறும்போது குறளுக்கு உரை தேடவேண்டியதில்லை. முன்னால் ‘பாதுகாப்பு’ என்று ஒட்டுவது வீண் சுமை.

சிதம்பர இரகசியம்

எல்லோருக்கும் தெரிந்த விடயத்துக்கு இதைப் போடாதீர்கள். அத்தகைய விடயத்துக்குப் பெயர் ‘ஊரறிந்த இரகசியம்’.