ஐடிலில் மட்டும் உதறிய கார்

என் பழைய கார், பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் வழியாகக் கலக்கும் வகை. சிக்னலில் நின்று ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, உதறும். சில நேரம் அணைந்தே போகும். ஓடும்போது எந்தத் தொல்லையும் இல்லை. இந்த வித்தியாசம்தான் தடயம்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாமே வெளுத்திருந்தன, பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது என்று அர்த்தம். ஐடிலில் த்ராட்டில் (காற்று போகும் வழியிலுள்ள கதவு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு குழாயில் உறிஞ்சு விசை அதிகம். சின்ன வெடிப்பு வழியாகப் புகும் காற்றுகூட அப்போது கலவையைக் கெடுத்துவிடும். வேகமாகப் போகும்போது எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றே நிறைய என்பதால் அது தெரியாது.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, அந்த உறிஞ்சு விசையை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் வேக்வம் ஹோஸ்களின் மேல் கார்ப் கிளீனரை (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். (தீப்பற்றும் பொருள், சூடான சைலன்சர் பக்கமும் பிளக் வயர் பக்கமும் அடிக்கவே கூடாது.) பிரேக்கை லேசாக மிதித்தாலே போதும்படி செய்யும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் முனையில் பட்டதும் எஞ்சின் சட்டென்று சீரானது. கிளீனர் உள்ளே போய் எரிபொருளாக எரிந்ததால் வந்த மாற்றம் அது. கிளிப்பைத் தளர்த்திப் பார்த்தால், அடியில் ரப்பர் வெடித்திருந்தது.

பூஸ்டருக்கென்றே வரும் ஹோஸைத்தான் வாங்கிப் போட்டேன். சாதாரண ரப்பர் குழாய் உறிஞ்சுதலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். பிரேக் விஷயத்தில் அது ஆபத்து. ஐடில் வேகத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் தொடவே தேவைப்படவில்லை.