புது சோபாவில் துணி கோளாறா? கடைக்குப் போன் போடும் முன்

சோபா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கை வைக்கும் இடத்தில் தையல் வாய் பிளந்து நிற்கிறது. உடனே ஊசி நூலை எடுக்காதீர்கள், பசை போட்டும் ஒட்டாதீர்கள். நீங்கள் கை வைத்த நிமிடமே 'கஸ்டமரே பிரிச்சுட்டாங்க' என்று சொல்லக் கடைக்கு ஒரு வழி கிடைத்துவிடும். இன்னொன்று, என்ன கோளாறு என்பதைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். 'துணி சரியில்லை' என்று மட்டும் சொன்னால், வருகிற ஆள் நாலு தட்டு தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, உக்கார உக்கார சரியாப் போகும்" என்று கிளம்பிவிடுவார். "தையலோரம் இழை நழுவுது, நூல் அறுபடல" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

தையலிலிருந்தே தொடங்குவோம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பிளந்த இடத்தை இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். நூல் அறுந்து, ஊசித் துளைகள் வரிசையாகச் சிதையாமல் இருந்தால் அது வெறும் தையல் குறை. திரும்பத் தைத்தால் போதும். நூல் முழுசாக இருந்து, அதை ஒட்டிய துணியில் இழைகள் விலகி ஏணிப்படி போல இடைவெளி தெரிந்தால், அதுதான் இழை நழுவல். பாவும் ஊடையும் (நெடுக்கு இழையும் குறுக்கு இழையும்) நெருக்கமில்லாத துணியாக இருக்கும், அல்லது தையலுக்கு உள்ளே அரை அங்குலமாவது துணி விடாமல் ஓரத்திலேயே தைத்திருப்பார்கள். மறுபடி தைத்தால் சில வாரங்களில் பக்கத்திலேயே பிளக்கும், அந்தப் பகுதித் துணியை மாற்றியே ஆக வேண்டும். ரெக்சினில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. தையலை நெருக்கிப் போட்டால் ஊசித் துளைகளே தபால்தலை ஓரம் போல ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். ஒரு ஸ்கேலை வைத்து எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று போதும். குஷனைத் திருப்பி, அடிப்பக்கத்தில் காய்ந்த துணியால் பத்துத் தடவை தேயுங்கள். பிறகு வேறு இடத்தில், நனைத்துப் பிழிந்த துணியால் பத்துத் தடவை. அடர் நீலம், மெரூன் போன்ற நிறங்களில் ஈரத்துணியில் லேசாக நிறம் ஏறுவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். காய்ந்த துணியிலேயே ஏறினால் அது குறைதான், வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்தவரின் வேட்டியே சாட்சி சொல்லும். தேய்த்த துணிகளைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

பஞ்சு உருண்டு உருண்டையாக வருவது புதுத் துணியில் முதல் சில வாரம் சகஜம். ஒருமுறை ஷேவரால் எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் ஒரு மாதத்துக்குள் திரும்ப முளைத்தால் நூல் மட்டம். பாலியஸ்டர் கலந்த துணியில் இழை வலுவானது என்பதால், உருண்டை உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வெல்வெட்டில் ஒரு சீட் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் அவசரப்பட்டு 'வேற ரோல்' என்று சொல்லிவிடாதீர்கள். துணியின் மேல் நிற்கும் முடியை உள்ளங்கையால் எதிர்ப்பக்கம் நீவுங்கள், குஷனைத் திருப்பி வைத்தும் பாருங்கள். நிறம் மாறிப் பொருந்தினால், துணியை மிச்சம் பிடிக்க அந்தத் துண்டை மட்டும் திசை மாற்றி வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எப்படி நீவினாலும் வித்தியாசம் போகாவிட்டால்தான் வேறு சாய லாட், அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றிய துணி. இதை ட்யூப்லைட்டில் பார்க்கக் கூடாது. காலை வெளிச்சத்தில், வாசல் பக்கம் இழுத்து வைத்துப் பாருங்கள்.

உட்காரும் இடத்தில் சுருக்கம் விழுந்தால் குற்றம் பெரும்பாலும் துணியில் இல்லை. கையால் நீவினால் போகிற சுருக்கத்தை விட்டுவிடலாம். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணியைக் கிள்ளிப் பிடிக்க முடிகிறதென்றால் ஜிப்பைத் திறந்து ஃபோமைப் பாருங்கள். 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) என்று சொல்லி மலிவான ஃபோம் வைத்திருந்தால் அது அமுங்கி, துணி தொளதொளவென்று ஆகும். அப்போது துணியை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரெக்சின் உரிவதில்தான் அதிகச் சண்டை. பின்னால் துணி, மேலே பிளாஸ்டிக் பூச்சு, இதுதான் ரெக்சின். பூச்சு பாலியூரித்தேன் என்றால் ஈரமும் சூடும் சேர்ந்து அதைச் சிதைக்கும், செதில் செதிலாக உதிரும். பி.வி.சி. என்றால் அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி, இறுகி வெடிக்கும். மதுரை வெயிலையும் வியர்வையையும் தாங்க வேண்டிய சாமான் இது, அதற்குத் தகுந்த தரத்தில்தான் விற்க வேண்டும். கடைக்காரர் 'தலை எண்ணெய் பட்டுருச்சு, வெயில் பட்டுருச்சு' என்பார். அதில் உண்மையும் உண்டு: தலை சாயும் இடத்தில் மட்டும் உரிந்திருந்தால் எண்ணெய் காரணமாக இருக்கலாம். அதனால் யாரும் தொடாத இடங்களைப் பாருங்கள். சுவரோரம் நிற்கும் பின்பக்கம், குஷனுக்கு அடி, கைப்பிடியின் கீழ்ப்புறம். அங்கேயும் நகத்தால் கீறினால் பூச்சு எழும்பினால், குறை சரக்கில்தான். பில்லில் 'லெதர்' என்று எழுதி ரெக்சின் கொடுத்திருந்தால் அதைத் தனிப் புகாராகவே எழுதுங்கள்.

சீர் சோபாவுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் வைத்துவிடுகிறோம். உறைக்குள் ஈரம் அடைபட்டு ரெக்சின் பிசுபிசுக்கும், குறையும் காலம் கடந்தே தெரியும். வந்த அன்றே பிரித்துப் பார்த்து, பிறகு பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். பில் அப்பா பெயரில் இருந்தாலும் பயன்படுத்தும் மகள் புகார் கொடுக்கலாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இனி கடைக்கு எழுதுங்கள். முழு சோபா ஒரு படம், குறை உள்ள இடம் ஒரு படம், அளவு நாடாவோடு நெருக்கமாக ஒரு படம். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்: 'ஐயா, பில் எண் இன்னது, தேதி இன்னது. மூன்று சீட் சோபாவில் இடது சீட்டின் முன் தையலில் 4 அங்குல நீளத்துக்கு இழை நழுவியுள்ளது. நூல் அறவில்லை. 7 நாளுக்குள் ஆள் அனுப்பிப் பார்த்து, ஒரே ரோல் துணியில் எல்லா சீட்டுக்கும் மாற்றித் தரவும்.' ஒரே ரோல் என்று கேட்கக் காரணம், ஒரு சீட்டை மட்டும் மாற்றினால் நிறம் ஒட்டாது. 54 அங்குல அகலத் துணியில் மூன்று சீட் சோபா முழுவதற்கும் ஏறக்குறைய 6 முதல் 8 மீட்டர் பிடிக்கும். டிசைன் பொருத்த வேண்டியிருந்தால் இன்னும் கூடும். 'நாலு மீட்டர்ல முடிச்சுரலாம்' என்றால் எங்கே ஒட்டுப் போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

பட்டறைக்கு எடுத்துப் போனால் ரசீது வாங்காமல் வேனில் ஏற்றாதீர்கள். என்ன குறை, எப்போது திரும்பும் என்று அதில் இருக்க வேண்டும். அசல் பில்லைக் கொடுக்கவே கூடாது. கழற்றிய பழைய துணியில் குறை உள்ள துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பதில் வராவிட்டால் அதையே கடிதமாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில்லின் கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அடங்கிவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர, பில்லில் சொன்ன காலத்துக்குள், அது இல்லையென்றால் 30 நாளுக்குள், மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். சென்னையில் வாங்கிய உசிலம்பட்டிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். தேவைப்பட்டால் ஆணையம் மாதிரியை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அப்போதுதான் அந்தப் பழைய துண்டின் அருமை தெரியும்.

துணி மாற்றி வந்த அன்று, வேன் போவதற்குள் மூலைகளை அழுத்திப் பாருங்கள். திண்டு போல மேடு தட்டினால் பழைய துணியின் மேலேயே புதுசைப் போர்த்தியிருக்கிறார்கள். ஸ்டேப்ளர் பின் ஆழமாகப் பிடிக்காது, சீக்கிரம் கழன்றுவிடும். சோபாவைச் சாய்த்து, அடியில் உள்ள கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய தேதியை பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதே ரோலிலிருந்து அரை மீட்டர் துண்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.