ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்

என் தாய்மாமா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். 2024 மே மாதம் ஒருநாள் காலையில் சரக்குக்காரருக்குப் பணம் அனுப்பப் பார்க்கிறார், போகவில்லை. செல்போனில்தான் கோளாறு என்று நினைத்து, கடைப்பையனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம் வங்கிக்கே நேரில் போனபோதுதான் தெரிந்தது, ஜிஎஸ்டி துறை அவர் கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. "மாப்ள, எனக்கு ஒரு கடுதாசிகூட வரலடா" என்று அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடுதாசி வந்திருந்தது. 2023 செப்டம்பரிலேயே ஜிஎஸ்டி தளத்தில் நோட்டீஸ் ஏற்றப்பட்டிருக்கிறது, டிசம்பரில் உத்தரவும் போட்டுவிட்டார்கள். தளத்தில் ஏற்றினாலே உங்கள் கையில் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மாமாவின் கணக்கில் பதிவாகியிருந்த மின்னஞ்சல், ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த ஆலோசகருடையது. செல்போன் எண்ணோ, அந்த அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்பே நின்றுபோன ஒரு பையனுடையது. பாஸ்வேர்டு மாமாவுக்குத் தெரியாது. மாதாமாதம் பில் கட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார், ஃபீஸ் கொடுப்பார், வந்துவிடுவார், அவ்வளவுதான்.

பிரச்சினையும் பெரியது இல்லை. 2017-18இல் சரக்கு கொடுத்த ஒரு வியாபாரி அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் சரியாகக் காட்டவில்லை, அதனால் மாமா தன் வரியில் கழித்துக்கொண்ட தொகைக்கும் தளத்தில் தெரிந்த தொகைக்கும் வித்தியாசம் வந்துவிட்டது. ஜிஎஸ்டி வந்த முதல் வருடம், எல்லோரும் தடுமாறினார்கள் என்பதால், அந்த வருடத்து வித்தியாசத்துக்கு 2022 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கையே போட்டிருந்தார்கள். ஒரு வியாபாரி சம்பந்தப்பட்ட வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால், வரியைக் கட்டிவிட்டேன் என்று அந்த வியாபாரியே சான்று எழுதிக் கொடுத்தால் போதும். மாமாவுக்குச் சரக்கு கொடுத்தவர் இன்னும் கடை நடத்துகிறார். நோட்டீஸ் வந்தது தெரிந்திருந்தால் அரை நாளில் எழுதி வாங்கியிருக்கலாம். அதற்குப் பதில் மதுரைக்கு வக்கீலைத் தேடிப் போய், உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போட்டு, கேட்கும் தொகையில் பத்து சதவீதத்தைக் கட்டிய பிறகுதான் விளக்கம் சொல்லவே வாய்ப்புக் கிடைத்தது. மாமா ஒருவர் கதை என்று நினைக்காதீர்கள், "ஆலோசகர் எங்களிடம் சொல்லவில்லை" என்று சென்னையிலும் மதுரையிலும் இப்படி ரிட் போட்ட வியாபாரிகள் ஏராளம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நல்ல ஆடிட்டரைத் தேடும்போது நாம் செய்கிற தவறுகளில் பாதி, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கூட இல்லை, எதை அவரிடம் விட்டுவிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பெயர்ப் பலகை. நம் ஊரில் வரி சம்பந்தமாக யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் 'ஆடிட்டர்' தான். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர், வரி வழக்கறிஞர், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் (சிஏ) எல்லோருக்கும் ஒரே பெயர். இதில் யாரும் மட்டம் இல்லை. வருடத்துக்கு முப்பது லட்சம் வியாபாரம் பண்ணுகிற கடைக்கு, பொறுப்பான ஒரு ஜிஎஸ்டி பிராக்டிஷனரே தாராளமாகப் போதும், சிஏ-தான் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் டர்ன்ஓவர் ஒரு கோடியைத் தாண்டி (ரொக்க வரவு செலவு இரண்டுமே ஐந்து சதவீதத்துக்குள் என்றால் பத்து கோடி) வரித் தணிக்கை தேவைப்படும்போது கையெழுத்துப் போட சிஏ-வுக்கு மட்டும்தான் அதிகாரம். 'சிஏ' என்று சொல்லிக்கொள்கிறவரிடம் அவருடைய ஆறு இலக்க உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை, நிஜமான சிஏ யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சிஏ-க்களின் சங்கமான ஐசிஏஐ-யின் இணையதளத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உறுப்பினராக இருப்பது வேறு, தொழில் செய்வதற்கான சான்று வைத்திருப்பது வேறு. எங்கோ கம்பெனியில் முழுநேர வேலையில் இருக்கிற சிஏ-விடம் பொதுவாகத் தணிக்கைக் கையெழுத்து வாங்க முடியாது.

இன்னொன்று, வங்கிக் கடனுக்கென்று வருமானச் சான்றோ பேலன்ஸ் ஷீட்டோ வாங்கினால், சீலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். 2019 முதல் சிஏ-க்கள் கொடுக்கிற சான்றுகளில் 'யூடின்' என்று பதினெட்டு எழுத்து, எண் கொண்ட ஓர் அடையாளம் இருந்தாக வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த ஆறு அந்த சிஏ-வின் உறுப்பினர் எண். யூடின் தளத்தில் போட்டுப் பார்த்தால் என்ன சான்று, எந்தத் தேதி என்று காட்டும். வங்கிக்காரர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். சீல் எங்கே வேண்டுமானாலும் செய்து வாங்கிவிடலாம், இதை அப்படி உண்டாக்க முடியாது.

சரி, மாமா விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். பதிவு செய்யும்போது "எண்ணை எங்க ஆபீஸ் எண்ணாவே போட்டுடறோம் சார், ஓடிபி-க்கு உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்பார்கள். கேட்க வசதியாக இருக்கும், நாமும் சரி என்போம். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வரிக் கணக்கின் சாவியை ஒப்படைத்துவிடுகிறீர்கள். பிறகு அவரோடு மனஸ்தாபம் வந்தாலும், அவர் ஊரை விட்டுப் போனாலும், உடம்பு சரியில்லாமல் படுத்தாலும், உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓடிபி வரும்போது, எதற்கு என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவரும் வேலை பார்க்க வேண்டுமே என்றால், வருமான வரித் தளத்தில் உங்கள் சிஏ-வைச் சேர்த்து அனுமதி கொடுக்கிற வசதி இருக்கிறது, ஜிஎஸ்டி தளத்திலும் பிராக்டிஷனரை இணைத்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே வேறு யாருடைய எண்ணோ ஏறியிருந்து உள்ளே போக முடியவில்லை என்றால், உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் மனு கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார். மாமாவுக்கு அப்படித்தான் மாற்றினோம்.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனையும் அப்படித்தான் விட்டுவைக்கிறோம். பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னச் சமாச்சாரம். ஆடிட்டர் அலுவலகத்து மேசை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்டு, கம்பெனி பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, இருபது முப்பது டோக்கன்கள் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன், சிலதில் பாஸ்வேர்டையே பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்து வைப்போமா? அதுதான் இது.

அடுத்தது ரீஃபண்ட். மாதச் சம்பளக்காரர்கள் இதில்தான் விழுகிறார்கள். "பிடித்த வரியில் எழுபது சதவீதம் வாங்கித் தருகிறேன், வந்ததில் பத்து சதவீதம் எனக்கு" என்று அலுவலகத்தில் யாரோ ஒருவர் மூலமாக ஓர் ஆள் வருவார். இல்லாத வீட்டுக்கு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன் என்று போட்டு ரிட்டர்ன் போடுவார், பணமும் வந்துவிடும், அதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரரும் கொடுப்பார். 2025 ஜூலையில் வருமான வரித்துறை இதற்காகவே நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது. மாட்டினால் ரிட்டர்ன் உங்கள் பான் எண்ணில் இருக்கிறது, அவர் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. வரி, வட்டி, அதற்கு மேல் பொய்க் கணக்குக்கான அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு வரை. கிடைக்கிற ரீஃபண்டில் சதவீதக் கணக்கில் ஃபீஸ் வாங்குவது சிஏ-க்களின் நடத்தை விதிப்படியே தப்பு என்பதால், சதவீதம் என்று வாயைத் திறக்கிறவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். ரிட்டர்னை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரதி வாங்கி, கழிவுகள் எழுதியிருக்கிற பக்கத்தை மட்டுமாவது பத்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள்.

பணத்தை எங்கே போடலாம் என்பதையும் அதே ஆடிட்டரிடமே கேட்பது நம் பழக்கம். கணக்கு தெரிந்தவருக்கு முதலீடும் தெரியும் என்று நினைக்கிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் மனைவி பெயரில் இன்சூரன்ஸ் ஏஜென்சி இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஆலோசகர் பொதுவாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், அவர் பதிவு எண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். 'ஏஆர்என்' என்று எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், அவருக்குச் சம்பளம் கமிஷனில்தான். கமிஷன் பாவம் இல்லை, ஆனால் தெரிந்து கொடுங்கள். பத்து லட்சத்தை இருபது வருடம் விட்டுவைத்தால், ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 96 லட்சம், கமிஷனில் ஒரு சதவீதம் போய் 11 ஆனால் சுமார் 80 லட்சம். பதினாறு லட்சம் பெரிய தொகை, அதற்கேற்ற உதவி கிடைக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரவாத லாபம் என்று பங்குச் சந்தையைக் காட்டி யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாதம் 25, 30 சதவீதம் என்று நம்பி ஆருத்ரா நிதி நிறுவனத்தில் போட்டு ஏமாந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், அவர்களில் பலரை அழைத்துப் போனவர்கள் தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும்தான்.

ஆடிட்டரை மாற்ற வேண்டி வந்தால் சண்டை போட்டுக்கொண்டு மாற்றாதீர்கள். பழைய ரிட்டர்ன்கள், ஒப்புகைச் சீட்டுகள், டேலி கோப்பு, டோக்கன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு கடைசி ஃபீஸைக் கொடுங்கள், பில்லும் கேளுங்கள். தணிக்கை வேலை என்றால் புதிதாக வருகிற சிஏ பழையவருக்கு முறையாக எழுதிக் கேட்ட பிறகுதான் பொறுப்பேற்க முடியும், தாமதமாகிறதே என்று அவர் மேல் எரிச்சல்படாதீர்கள்.

மாமா இப்போது ஒவ்வொரு மாதமும் ரிட்டர்ன் போட்ட மறுநாள் என்னைக் கூப்பிடுகிறார். "மாப்ள, உள்ள போயிட்டேன், நோட்டீஸ் இருக்கற இடம் எதுடா?" என்கிறார். நோட்டீஸ் பகுதியையும், அதைத் தாண்டி 'கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்று தனியாக இருக்கிற பகுதியையும் இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்வேன். அவருக்கு வந்தது அந்த இரண்டாவதில்தான் கிடந்தது.