டீக்கடையில் சாதி பார்த்துத் தனி கப் கொடுத்தால் புகார் கொடுப்பது எப்படி?

கருவாட்டு மூட்டை ஏற்றிவிட்டு வந்த என் சித்தப்பாவுக்கு எங்கள் ஊர்க் கடையில் பேப்பர் கப்பில்தான் டீ தருவோம், வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும் என்றார்கள். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் கையில் கண்ணாடி கிளாஸ். டீயைத் தொடாமலே வீட்டுக்கு வந்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை. வழக்குப் பதிய வைக்க எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.

1. அன்றே எழுதிவையுங்கள். நேரம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள் பெயர். ஜிபேயில் காசு கொடுத்திருந்தால் அந்தப் பதிவே நேரத்துக்குச் சாட்சி. வீடியோ இருந்தால் வெட்டாமல் அசலைப் போனிலேயே வையுங்கள்.

2. மனுவைக் கையால் எழுதுங்கள். டைப் செய்யக் கொடுத்தால் அவர்கள் வார்த்தைதான் வரும், நடந்தது மங்கிவிடும். வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989, பிரிவு 3(1)(இசட்ஏ). குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 4 என்று குறிப்பிடுங்கள். முதலாவதில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சாதிச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.

3. காவல் நிலையம். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். வழக்குப் பதிந்தாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டும்தான், எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) வேறு. போய்க் கேட்டபோதெல்லாம் "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். 1989 சட்டத்தில் 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, அந்தச் சட்டத்தில் எஃப்ஐஆர் போட முன்விசாரணையே தேவையில்லை. அதை நிதானமாகச் சொல்லுங்கள். எஃப்ஐஆர் எண்ணைக் கேளுங்கள். நகல் இலவசம், கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். பதிந்தபின் விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி.

4. பதிய மறுத்தால், அதே மனுவை உங்கள் மாவட்ட எஸ்பிக்கு (எங்களுக்கு ராமநாதபுரம்) தபாலில் அனுப்புங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173(4) பிரிவு அதற்கு வழி தருகிறது. நேரில் கொடுப்பதைவிட ஸ்பீட் போஸ்ட்தான் என் தேர்வு. போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரம் இருக்கும். வன்கொடுமைப் புகார்களுக்கான 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

பின்சேர்க்கை: "நாங்கள் கிறிஸ்தவர்கள், எஸ்சி சான்றிதழ் கிடையாது, என்ன செய்வது?" என்று தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 1989 சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 1955 சட்டத்தின் 4-ஆம் பிரிவு தீண்டாமையைத்தான் குற்றம் என்கிறது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதன் கீழ் மனு எழுதுங்கள்.