பணநிரம்பலைப் பார்த்து விலையேற்றத்தைக் கணிக்கும் என் கொப்பி

2021 தொடக்கத்தில் என் பணிக்கொடையை இரண்டு வருட நிலையான வைப்பில் போட்டேன். முதிர்ந்து கைக்கு வந்தபோது, வட்டியைச் சேர்த்தும், அதன் வாங்கும் பலத்தில் மூன்றில் ஒன்று போய்விட்டிருந்தது. பொருட்களை விடப் பணம் வேகமாகப் பெருகினால் விலை ஏறும் என்ற பணக்கணியக் கோட்பாட்டை உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன் நான். வெட்கக்கேடு. அன்றுதான் கொப்பி ஒன்றில் நிரல் கீறினேன்.

முதல் நிரலில் விரிந்த பணத்தின் (மக்கள் கையிலுள்ள காசும் வங்கி வைப்புகளும்) ஆண்டு வளர்ச்சி. இலங்கை மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடுவது. மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள், சித்திரைப் புத்தாண்டும் நத்தாரும் குழப்பும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதிலிருந்து உற்பத்தி வளர்ச்சியைக் கழியுங்கள். 2020 முடிவில் பணம் 23.4 சதவீதம் கூடியிருந்தது, உற்பத்தியோ சுருங்கியிருந்தது. கழிக்கவே ஒன்றுமில்லை.

ஆனால் அந்த டிசெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 4.2 தான். இங்கேதான் நான் ஏமாந்தேன். பணம் கூடிய மாதமே விலை கூடாது; ஒன்று முதல் இரண்டு வருடம் பிந்தும். 2021 டிசெம்பரில் 12.1, 2022 செப்ரெம்பரில் 69.8. 2022இன் பண வளர்ச்சியை மட்டும் பார்த்தால் இந்த 69.8 விளங்கவே விளங்காது. ரூபா விழுந்ததும் வெளிநாட்டு நாணய வைப்புகள் ரூபாக் கணக்கில் ஊதிப்போய், அந்த வருட வளர்ச்சியையே பெருப்பித்துக் காட்டின. அதைக் கழித்துப் பாருங்கள்.

இரண்டாம் நிரல்தான் என் கண்ணுக்கு முக்கியம்: இந்தப் பணம் யாருக்காகப் பிறந்தது? மத்திய வங்கி கையில் வைத்திருந்த அரச பிணையங்கள் (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரங்கள்) 2019 முடிவில் சுமார் 75 பில்லியன் ரூபா, ஒரே வருடத்தில் சுமார் 725 பில்லியன். வரியைக் குறைத்துவிட்டு, அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலை மத்திய வங்கி தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்?

மூன்றாவது, டொலர் கையிருப்பு. நாணய மாற்று வீதத்தை டொலருக்குச் சுமார் 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தவரை விலை ஓரளவு அடங்கிக் கிடந்தது. கையிருப்பு 2019இல் 7.6 பில்லியனிலிருந்து 2021 முடிவில் 3.1க்கு இறங்கியது. 2022 மார்ச்சில் பிடி விட்டது. எவ்வளவு ஏறும், எந்த மாதம் ஏறும் என்று பண வளர்ச்சி சொல்லாது. கையிருப்பு கரையும் வேகம் கொஞ்சம் சொல்லும்.

2023 செப்ரெம்பரில் வந்த புதிய சட்டம் மத்திய வங்கி முதனிலைச் சந்தையில், அதாவது அரசு புதிதாக வெளியிடும்போதே, அரச பிணையங்கள் வாங்குவதைத் தடுக்கிறது. அதனால் இப்போது தனியார் துறைக் கொடுகடனையும் (வங்கிகள் தொழில்களுக்கும் மக்களுக்கும் கொடுக்கும் கடன்) இரண்டாம் நிரலில் எழுதுகிறேன். வைப்பை ஆறு மாதத்துக்கு மேல் கட்டுவதில்லை. முதிரும் கிழமை கொப்பியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வங்கிக்குப் போவேன்.