லீவில் ஐரோப்பா சுற்றும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

ஜெர்மனி, பிரான்ஸ் என்று படிக்கப் போயிருக்கிறீர்களா? செமஸ்டர் லீவில் ஊர் சுற்ற ரயில் பாஸ் எடுப்பதென்றால் யூரெயில் வேண்டாம், அது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. அங்கே குடியிருப்பு அட்டை வாங்கியவர்களுக்கு இன்டர்ரெயில்தான், 27 வயது வரை விலையும் குறைவு. ஆனால் பிரான்ஸின் டிஜிவி மாதிரி வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், பாஸ்காரர்களுக்கான இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அட்டையையும் பாஸ்போர்ட்டையும் அறையில் பூட்டிவிட்டு போனில் போட்டோ மட்டும் எடுத்துப்போகும் வேலையே வேண்டாம், எல்லை தாண்டும்போது ரயிலுக்குள் ஏறியே கேட்பதுண்டு. லண்டனுக்கு இந்த அட்டை செல்லாது, தனி விசா. அப்புறம், ஏற்காட்டுக்குப் போட்ட ஸ்வெட்டரை நம்பி டிசம்பரில் ப்ராக் கிளம்பிவிடாதீர்கள். தெர்மல் உள்ளாடையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இங்கிருந்து பெட்டியில் திணிக்க வேண்டியதில்லை.