பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடுமா?

காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) மாட்டிய கார் சிங்கப்பூர் வீவக குடியிருப்புப் பேட்டையில் ஹம்ப் ஏறி இறங்கும்போது 'டொக்'கென்று சத்தம் வருகிறதா? ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது, பிரீலோடைக் கூட்டு, அதாவது காரின் எடை ஏறுமுன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவைக் கூட்டு, என்று யாராவது சொல்வார்கள். கூட்டாதீர்கள். பல நேரம் அந்தச் சத்தத்துக்குக் காரணமே கூடிப்போன பிரீலோட்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 6 கிலோ வேண்டும். அது தாங்கும் எடை 300 கிலோ. ஆக, கார் தரையில் நிற்கும்போது அது 50 மி.மீ. அமுங்கியே தீரும். பிரீலோட் பூஜ்யம் என்றால் ஷாக்கின் தண்டு 50 மி.மீ. உள்ளே போய் நிற்கும். ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையமான காலரைத் திருகி முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்தால், தண்டு 40 மட்டுமே உள்ளே போகும். ஸ்பிரிங்கின் நீளம் இரண்டிலும் ஒன்றுதான். அடுத்த மில்லிமீட்டருக்கும் அதே 6 கிலோதான். மாறியது தண்டு நிற்கும் இடம். கார் 10 மி.மீ. உயர்கிறது, சக்கரம் மேலே ஏற 10 மி.மீ. கூடுகிறது, கீழே தொங்க 10 மி.மீ. குறைகிறது. பிரீலோடை 50க்குக் கொண்டுபோனால் தொங்க இடமே இல்லை. ஹம்ப் தாண்டிய சக்கரம் கீழே இறங்கப் பார்க்கும், ஷாக் முழுதாக நீண்டு உள்ளே இடிக்கும். டொக்.

இந்தக் கணக்கு ஸ்பிரிங்கும் சக்கரமும் ஏறத்தாழ ஒன்றாக நகரும் முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு. பின்பக்கத்தில் ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையின் (ஆர்ம்) நடுவில் உட்கார்ந்திருந்தால், காலரின் 10 மி.மீ. சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இனி வேலை. இது கார்பார்க்கில் செய்கிற காரியமல்ல. காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, மரையை பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். மண்ணோடு திருகினால் அலுமினியக் காலரின் மரை தின்றுபோகும். பூட்டுக் காலரை சி-ஸ்பேனரால் தளர்த்துங்கள். ஷாக் முழுதாக நீண்டிருக்க, ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்று, ஆனால் கையால் சுழற்ற முடிகிற இடம்தான் பூஜ்யம். அங்கே பெயின்ட்டால் ஒரு கோடு. காலரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். மரை எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றல்ல. தெருக் காருக்கு 0 முதல் 5 மி.மீ. வரை வைத்துத் தொடங்கலாம், தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை. இடமும் வலமும் ஒரே அளவு.

உயரத்தை ஷாக்கின் அடியில் உள்ள பிராக்கெட்டில் தனியாக மாற்றும் வகை என்றால் பிரீலோடை இதோடு விட்டுவிடுங்கள். ஒரே காலரில் உயரம், பிரீலோட் இரண்டும் மாறும் வகையில் அதிகம் இறக்கினால், ஜாக்கில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும், தான் உட்காரும் இடத்திலிருந்து நகரும். அதற்கு ஹெல்பர் ஸ்பிரிங் (பெரிய ஸ்பிரிங் தளராமல் பிடிக்கும் மெல்லிய துணை ஸ்பிரிங்) வேண்டும்.

ஜோகூரில் பூட் நிறைய சாமான் வாங்கி வரும்போது பின்பக்கம் தொய்கிறது என்று பிரீலோட் ஏற்றுபவர்கள் உண்டு. உயரும், ஆனால் காலியான காரில் பின்பக்கம் துள்ளும். எப்போதுமே சுமை ஏற்றுபவருக்குத் தேவை கடினமான ஸ்பிரிங்.

தரையில் இறக்கியதும் அளக்க வேண்டாம். காரை முன்னும் பின்னும் உருட்டினால்தான் டயர் தன் இடத்துக்கு வரும். பிறகு ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை அளந்து, நான்கையும் எழுதிவையுங்கள். உயரம் மாறினால் அலைன்மென்ட்டும் மாறும், ஹெட்லைட்டும் கோணம் தப்பும். புதிதாக மாட்டுபவர்கள் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேபிள் டையைத் தண்டில், ஷாக்கின் உடலை ஒட்டினாற்போல் இறுக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். டை பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் கடைசிவரை அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) போய் ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் மேலே ஏற இடம் போதவில்லை. பிராக்கெட் வகை என்றால் 5 மி.மீ. பிரீலோட் கூட்டி, பிராக்கெட்டில் அதே 5ஐ இறக்கிப் பாருங்கள், உயரம் மாறாது. அப்புறமும் டை அங்கேயே போனால், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான்.